இருபது சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கேட்டே வளர்ந்தவள் நான். என் தம்பி விஷயத்தில் லேபில் ஒன்றுக்கு இருபது சோறு எடுத்துப் பதம் பார்த்தார்கள். இருபதும் ஒரே மாதிரி இருந்ததால் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பேப்பரை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, இன்னும் ஒன்றரை வருஷம் அவனைப் பழையபடியே திட்டிக்கொண்டிருந்தோம். திட்டியவர்களில் நானும் உண்டு.

அப்போது அவனுக்கு 26 வயது. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர், அதில் ஒன்றில் கண்வலிக்கிழங்கு, மிச்சத்தில் முருங்கை. தம்பி திடீரென்று பகலிலும் தூங்க ஆரம்பித்தான், உடம்பு ஊதியது, மார்கழி வருவதற்கு முன்பே போர்வையைத் தேடினான். தைராய்டு குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பவேண்டிய இடத்தில்தான் மதுரையில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா அவன் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடது உள்ளங்கையில் குறுக்கே ஒரே ஒரு ரேகை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தார், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. காது கொஞ்சம் சின்னது. இதெல்லாம் தனித்தனியாக ஆயிரம் பேருக்கு இருக்கும், எனக்கே ஒரு கையில் அந்த ஒற்றை ரேகை உண்டு. சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

“எத்தனை வயசுல பேசுனாரு?” என்று கேட்டார்.

“மூணு முடிஞ்சுதானுங்க பேசுனான். எங்க மாமனாரும் அப்படித்தானாம், லேட்டாப் பேசுனா நல்லாப் பேசுவாங்கன்னு சொன்னாங்க” என்றார் அம்மா.

குரோமோசோம் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், செல்லுக்குள் ஜீன்களைச் சுமந்துகொண்டிருக்கும் இழைகளை எண்ணிப் பார்ப்பது. ரிப்போர்ட் 46 என்று வந்தது. மனிதனுக்கு இருக்கவேண்டிய கணக்கு அதுதான், 23 ஜோடி. சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டோம்.

ஒன்றரை வருஷம் கழித்து கோயம்புத்தூரில் ஒரு மரபியல் டாக்டரிடம் போனோம், அதுவும் வேறு ஒரு காரணமாக, எனக்காக. நான் அப்போது மூன்று மாதம். குடும்ப விவரம் கேட்டபோது தம்பியைப் பற்றிச் சொன்னேன், போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன், பழைய ரிப்போர்ட்டையும் நீட்டினேன். அவர் முடிவைப் பார்க்கவில்லை. கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். எண்ணப்பட்ட செல்கள்: 20.

அன்றைக்கு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். எல்லா செல்லிலும் கூடுதல் குரோமோசோம் இருந்தால் ஒரு செல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அங்கே பழமொழி பலிக்கும். ஆனால் சிலருக்கு உடம்பில் இரண்டு வகை செல்கள் கலந்து கிடக்கும். சிலவற்றில் 46, சிலவற்றில் 47. அந்தப் பானையில் பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருக்கிறது. இருபது செல்லும் சரியாக இருந்தால், 14 சதவீதமோ அதற்கு மேலோ கலப்பு இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அதற்குக் கீழே இருப்பது கண்ணில் படாமல் நழுவிவிடலாம். 50 செல் எண்ணினால் அந்த எல்லை 6 சதவீதத்துக்கு இறங்கும். 100 எண்ணினால் 3. சந்தேகம் இருக்கிறது, கூட எண்ணுங்கள் என்று எழுதி அனுப்பினால் எண்ணுவார்கள். எங்கள் சீட்டில் யாரும் அதை எழுதவில்லை.

மறுபடி ரத்தம் கொடுத்தோம். இந்தமுறை நூறு செல். பதினொன்றில் 21ஆம் குரோமோசோம் மூன்று இருந்தது. கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் வழித்து எடுத்து, ஒளிரும் சாயம் போட்டு எண்ணும் ஃபிஷ் டெஸ்ட்டும் செய்தார்கள், அதில் இருநூறு செல்லில் ஐம்பத்தெட்டு. ரத்தத்தில் 11 சதவீதம், கன்னத்தில் 29. மொசைக் டவுன் சிண்ட்ரோம் என்று எழுதினார்கள். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம், சில செல்களில் மட்டும் அப்படி இருந்தால் மொசைக்.

“மொசைக்குன்னா நம்ம வீட்டுத் தரை மாதிரிங்களா?” என்று கேட்டார் அம்மா. எங்கள் வீட்டுக் கூடம் 1980களில் போட்ட மொசைக் தரை, வெள்ளையும் கறுப்பும் அரக்குமாகச் சில்லுகள் சிமெண்டில் பதிந்து கிடக்கும். டாக்டர் “அதேதாம்மா” என்றார். அதற்குமேல் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

11 சதவீதக் கலப்பு இருக்கிற ஒருவருக்கு இருபது செல் மட்டும் எண்ணினால், இருபதும் நார்மலாக வருவதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். தம்பி அந்தப் பத்தில் ஒன்று.

ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய் உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். வெள்ளை அணுக்களைத் தீனி போட்டு வளர்க்கிறார்கள், 37 டிகிரியில், பெரும்பாலும் 72 மணி நேரம். சும்மா விட்டால் அவை பிரியாது. பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்த்தால்தான் முடுக்கிவிட்ட மாதிரி இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும். குரோமோசோம்கள் குட்டையாகத் திரண்டு தெளிவாகத் தெரிவது அந்தப் பிரிகிற நேரத்தில் மட்டும்தான், அதனால் அந்த நொடியில் செல்லை அப்படியே நிறுத்திவைக்க ஒரு மருந்து வேண்டும். அதற்குப் பயன்படுத்துவது கோல்ச்சிசின், அல்லது அதன் நெருங்கிய உறவான கோல்செமிட். பிறகு உப்புக் குறைந்த கரைசலில் போட்டு செல்லை உப்ப வைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டு விட்டு, சாயம் ஏற்றி, போட்டோ எடுத்து எண்ண வேண்டும்.

கோல்ச்சிசின் என்ற பெயரைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்தார். எங்கள் காட்டில் விளைகிற கண்வலிக்கிழங்கின் விதையை வியாபாரி வந்து கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போவதே அந்தச் சரக்குக்காகத்தான். அதன் பூதான் செங்காந்தள், நம் மாநிலப் பூ. மூட்டுவாத மருந்துக்குப் போகிறது என்று மட்டும் அப்பாவுக்குத் தெரியும். தன் மகனின் குரோமோசோமை எண்ணுவதற்கும் அதே ஜாதிச் சரக்குதான் வேண்டும் என்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை, ரிப்போர்ட்டில் இருந்த படத்தை, அந்தக் கறுப்பு வெள்ளைப் புழு மாதிரி ஜோடிகளை, கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

மனித செல்லில் இருப்பது 46 என்பதே 1956 வரை உறுதியாகத் தெரியாது, 48 என்றுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணிச் சொன்னபிறகுதான் கணக்கு திருந்தியது. அவர்களும் கோல்ச்சிசினைத்தான் பயன்படுத்தினார்கள். மூன்று வருஷத்தில், 1959இல், பாரிஸில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் துர்பான் மூவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 47 இருப்பதைக் காட்டினார்கள். 1961லேயே இங்கிலாந்தில் கிளார்க், எட்வர்ட்ஸ், ஸ்மால்பீஸ் என்ற மூன்று டாக்டர்கள், டவுன் சிண்ட்ரோம் சாயல் கொஞ்சம் இருந்தும் புத்திசாலியாக இருந்த ஒரு குழந்தையிடம் இந்தக் கலப்பைக் கண்டுபிடித்து லான்செட் இதழில் எழுதிவிட்டார்கள். தம்பி பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு எல்லா செல்லிலும் 47 இருக்கும். மூன்று நான்கு சதவீதம் பேருக்குக் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும். மொசைக் ஒன்றிரண்டு சதவீதம்தான். அது இரண்டு வழியில் வரும். கரு ஆரம்பிக்கும்போதே 47ஆக இருந்து, பிரிந்துகொண்டே போகையில் ஏதோ ஒரு செல் அந்தக் கூடுதலை உதிர்த்துவிட்டு 46 ஆகும், அதன் வம்சம் தனியாகப் பெருகும். அல்லது 46ஆகத்தான் ஆரம்பிக்கும், முதல் சில நாட்களில் ஒரு செல் பிரியும்போது 21 சரியாகப் பிரியாமல் ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் ஒன்றுமாகப் போய்விடும். ஒன்று மட்டும் கிடைத்த செல் தாக்குப்பிடிக்காது. மூன்று உள்ளது நார்மல் செல்களோடு சேர்ந்தே வளரும்.

இதை நான் விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம் அம்மா. அம்மாவும் அப்பாவும் சொந்தம், அம்மா அப்பாவுக்கு அக்கா மகள். தம்பி தடுமாறியபோதெல்லாம் யாராவது ஒருவர் “சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்” என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினாள் என்று ஒரு பெரியம்மா. அம்மா இரண்டையும் மறுத்ததில்லை, இரண்டையும் நம்பினாரோ என்னவோ. டாக்டரிடம் கேட்கும்போது குரலே எழும்பவில்லை. சொந்தத்தில் கட்டுவதால் வரக்கூடிய நோய்கள் வேறு இருக்கின்றன, அம்மா அப்பா இரண்டு பேரிடமும் ஒரே ஜீன் கோளாறு மறைந்திருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்வது, அதில் ஜாக்கிரதை வேண்டியதுதான், ஆனால் இது அந்த வகை கிடையாது, ஒரு செல் பிரியும்போது நடந்த பிசகு, நீங்கள் செய்ததும் செய்யாததும் எதுவும் காரணமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைக்கிற முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. எத்தனை சதவீதம்? 11 என்றால் “அட, அவ்வளவுதானா” என்பார்கள். 29 என்றால் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நானும் முதல் ஒரு மாதம் அந்த நம்பரைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ரத்தத்தில் உள்ள சதவீதம் ரத்தத்தின் கதையை மட்டும்தான் சொல்லும். ரத்த செல்கள் ஓயாமல் புதிதாக உற்பத்தியாவதால், வயதாக ஆக அதில் 47 உள்ளவை குறைந்துகொண்டே வரலாம். கன்னத்துத் தோல் கருவில் வேறொரு படலத்திலிருந்து வருவது, மூளையும் அதே படலத்திலிருந்துதான், அதனால் கன்னத்தின் கணக்கு மூளைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கலாம், அவ்வளவே. மூளையை வழித்து எடுத்து எண்ண முடியாது. இதயம், தைராய்டு, காது என்று ஒவ்வொரு இடத்திலும் கலவை வேறாக இருக்கும். சராசரியாகப் பார்த்தால் மொசைக் உள்ளவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்ற டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைவிடச் சற்று அதிகம். சராசரி யாருடைய தம்பியும் இல்லை. குறைந்த சதவீதம் உள்ள குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை இருக்கலாம், அதிக சதவீதம் உள்ளவர் டிகிரி முடித்திருக்கலாம்.

அதனால் பரிசோதனைகளைச் சதவீதத்தைப் பார்த்துக் குறைக்கக் கூடாது. தம்பிக்கு எக்கோ எடுத்தோம், இதயம் நன்றாக இருக்கிறது. தைராய்டு வருஷா வருஷம். கண், காது. தூக்கத்தில் மூச்சு முட்டுகிறதா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பதை நெருங்கும்போது ஞாபகத்தில், நடை உடையில் மாற்றம் வருகிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னார்கள், அல்சைமர் நோயோடு தொடர்புள்ள ஒரு ஜீன் இந்த 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

21 மட்டும்தான் என்றில்லை. 13, 18 ஆகியவை எல்லா செல்லிலும் மூன்றாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை, கலப்பாக இருந்தால் கடுமையான பாதிப்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத நிலை வரை எதுவும் இருக்கலாம். 8ஆம் குரோமோசோம் முழுக்க மூன்றாக இருந்தால் கரு பெரும்பாலும் தங்காது, அதனால் பிறந்து நடமாடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே மொசைக்தான். அவர்களுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கும், சின்னக் குழந்தையாக இருக்கும்போது நன்றாகத் தெரியும். சிலருக்குத் தோலில் வெளுத்தும் கறுத்தும் சுழி சுழியாக வரிகள் ஓடும். இரண்டு வகை செல்கள் கருவில் நகர்ந்த பாதை அப்படியே தோலில் வரைந்து கிடக்கும். தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்கிற வீடுகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது. வளர்ச்சியும் பின்தங்கி, இப்படிச் சுழிகளும் இருந்து, ரத்தத்தில் நார்மல் என்று வந்தால், தோலிலோ கன்னத்திலோ எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கர்ப்பிணிகளுக்கும் ஒன்று. இப்போது அம்மாவின் ரத்தத்தில் எடுக்கிற டெஸ்ட் இருக்கிறதே, என்ஐபிடி, அதில் பார்ப்பது குழந்தையின் டிஎன்ஏ என்று நினைக்கிறோம், உண்மையில் அது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் மட்டும் கலப்பு இருந்து குழந்தை முழுக்க நார்மலாக இருக்கலாம் என்று 1983இல் கனடாவில் டாக்மர் காலுசெக் எழுதினார். நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துப் பார்க்கிற பரிசோதனையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு கர்ப்பங்களில் இது தெரியவரும். ஆகவே அந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்த அன்றே எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள், பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்யும்வரை பொறுங்கள். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. தம்பிக்கு நடந்தது எனக்கு நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதாமல் போக மனசு வரவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கை அவன் மூன்று முறை எழுதினான். பார்த்தால் மற்ற பிள்ளைகள் மாதிரி இருக்கிறான், பேசுகிறான், கிரிக்கெட் ஸ்கோர் முழுக்க ஒப்பிக்கிறான், கணக்கு மட்டும் வரவில்லை என்றால் கொழுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாத்தியார் முட்டி போட வைத்தே அந்த வருஷத்தை ஓட்டினார். முகத்தில் அடையாளம் தெரிகிற பிள்ளைக்குக் கிடைக்கிற கொஞ்ச நஞ்சப் பரிவும் இவனுக்குக் கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்திருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டிருக்கலாம்.

சான்றிதழுக்கும் போனோம். அங்கே இன்னொரு சதவீதம். அறிவுத்திறன் குறைபாட்டுக்கு வைன்லேண்ட் என்ற அளவுகோலில் மதிப்பெண் போடுகிறார்கள். 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீத ஊனம், 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். 25க்கும் 50க்கும் நடுவே படிக்கட்டே இல்லை. தம்பிக்கு 72. மூன்று மதிப்பெண்ணில் அந்தப் பக்கம் போய்விட்டான். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், “நல்ல விஷயம்தானேம்மா, பையன் நல்லா இருக்கார்” என்றார். அவன் தனியாக பஸ் ஏறுவான், கடைக்குப் போவான், பேங்க் சலானை மட்டும் யாராவது எழுதித்தர வேண்டும், மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாததால் இருபது வருஷமாகக் கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிறான். இந்த நடு இடத்தில் நிற்கிறவர்களுக்கு எந்தக் கட்டத்திலும் டிக் விழுவதில்லை. இந்தக் கணக்கு மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி என் பக்கத்தில் ஜன்னலோரம். பல்லடம் தாண்டியிருக்கும். ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“அப்போ நான் சோம்பேறி இல்லியாக்கா?”

இல்லைடா என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

இப்போது ஐப்பசி, காட்டில் பூ. காந்தள் பூவில் சூல்முடி, மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் நல்ல காய்ப்புக்கு ஆள்தான் காலையில் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. அன்றைக்கு விரிந்த பூ மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், நாள் போகப் போகச் சிவக்கும், அந்த நிறத்தைப் பார்த்தே எதைத் தொட்டாயிற்று எது பாக்கி என்று தம்பி சொல்லிவிடுவான், ஒரு பூ தவறாது. சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொல்வார்கள். இவன் விரல் குட்டை, சுண்டுவிரல் வளைசல், அந்த விரலால் இதழை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொட்டு வைப்பான். செடி முழுக்க விஷம், வேலை முடியும்வரை கையை வாய்ப்பக்கம் கொண்டுபோக மாட்டான், சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பான். அவன் தொட்ட பாத்தி நன்றாகக் காய்ப்பதாக அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

தைராய்டு டெஸ்ட்டுக்கு இந்த வாரம் போகவேண்டும். நேற்று போனில் கேட்டேன்.

“பூ முடியட்டும்க்கா, அப்புறம் போலாம்” என்றான்.